ஒரு மீட்டர் ஆழம்

1861ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கிளாஸ்கோவின் கோவன் பகுதியிலிருந்த ஜே அண்ட் ஜி தாம்சன் கப்பல் தளத்தில் சிறிய நீராவிக் கப்பல் ஒன்று தயாரானது. இரும்பு உடல், இரண்டு பாய்மரங்கள், பின்னால் ஒரே ஒரு உந்துவிசிறி. நீளம் 189 அடி, அகலம் 25 அடி. ஸ்காட்லாந்துப் பழங்கதை வீரன் ஒருவனின் பெயரை அதற்கு வைத்தார்கள்: ஃபிங்கல். கிளாஸ்கோவுக்கும் ஸ்காட்லாந்தின் மற்ற துறைமுகங்களுக்கும் இடையே போய்வருவது அதன் வேலை. நம்மூர் டவுன் பஸ் மாதிரி ஒரு கப்பல். வரலாற்றில் இடம்பிடிக்க வேண்டிய எந்த அவசியமும் அதற்கு இல்லை.

1863 ஜூன் 17 விடிகாலையில் அமெரிக்காவின் ஜார்ஜியா கரையோரம், வாசா கழிமுகத்தில் இரும்புக்கவசப் போர்க்கப்பல் ஒன்று மணல்திட்டில் சிக்கிச் சாய்ந்து நின்றது. நான்கு பீரங்கிகள், நான்கு அங்குல இரும்புக் கவசம், மூக்கில் ஒரு வெடிகுண்டுக் கம்பு. எதிரே வந்த கப்பல் ஐந்தே குண்டுகள் சுட்டது. நான்கு பட்டன. கால் மணி நேரத்தில் வெள்ளைக்கொடி ஏறிவிட்டது. சரணடைந்த கப்பலின் பெயர் அட்லாண்டா. கவசத்தை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது நம்முடைய ஃபிங்கல்தான்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் நடந்ததைத்தான் கொஞ்ச நாளாக எக்செல்லில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சிவிலியன் கப்பலை என் கையில் கொடுத்து, ‘இதைப் போர்க்கப்பலாக்கு’ என்று சொன்னால் என்ன செய்வேன்? எங்கே வெட்டுவேன், எதை ஏற்றுவேன், எவ்வளவு மூழ்கும்? இது என்ன பைத்தியக்கார வேலை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

*

முதலில் கதை.

அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வடக்கு மாநிலங்கள் தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட்டன. தெற்கிடம் பருத்தி இருந்தது, தொழிற்சாலைகள் இல்லை. ஆயுதம் வாங்க ஜேம்ஸ் புல்லக் என்ற கடற்படை அதிகாரியைப் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். பிற்காலத்தில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு இவர் தாய்மாமன் முறை. 1861 செப்டம்பரில் புல்லக் ஃபிங்கலை வாங்கினார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட என்ஃபீல்டு துப்பாக்கிகளையும், பீரங்கிகளையும், வெடிமருந்தையும் அதில் அடைத்துக்கொண்டு நவம்பர் நடுவில் சவானா நகரத்துக்குள் நுழைந்துவிட்டார்.

நுழைய முடிந்தது, திரும்ப முடியவில்லை. அதே நவம்பர் 7ஆம் தேதி பக்கத்திலிருந்த போர்ட் ராயலை வடக்குக் கடற்படை பிடித்திருந்தது. சவானாவிலிருந்து கடலுக்குப் போகும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. பருத்தி ஏற்றிக்கொண்டு வெளியேறக் காத்திருந்த ஃபிங்கல், கூண்டுக்குள் மாட்டிய எலி மாதிரி ஆற்றுக்குள்ளேயே கிடந்தது. கடைசியில் அதைத் தெற்கின் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். வெளியே போக முடியாத வணிகக் கப்பலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போர்க்கப்பலாக்கு.

அந்த வேலை டிஃப்ட் சகோதரர்களிடம் வந்தது. நெல்சன் டிஃப்ட் ஜார்ஜியாவில் ஆல்பனி என்ற ஊரை நிறுவியவர், வியாபாரி. ஏசா டிஃப்ட், கீ வெஸ்ட் தீவில் உடைந்த கப்பல்களிலிருந்து சரக்கை மீட்டுப் பணக்காரரானவர். அங்கே 1851இல் அவர் கட்டிய வீட்டில்தான் பல பத்தாண்டுகள் கழித்து ஹெமிங்வே குடியிருந்தார். இலக்கிய வாசகர்கள் இன்றைக்கும் டிக்கெட் எடுத்துப் போய்ப் பூனைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் வீடு அது.

இருவரும் முறையாகப் போர்க்கப்பல் கட்டிப் பழகியவர்கள் அல்ல. ஆனால் நெல்சனிடம் ஒரு நல்ல யோசனை இருந்தது. கப்பல் தச்சர்கள் கிடைக்காத நாட்டில், வளைவே இல்லாமல் நேர்கோடுகளிலேயே கப்பலை வடிவமைத்தால் வீடு கட்டும் தச்சர்களே கட்டிவிடுவார்கள் என்பது. நியூ ஆர்லியன்சில் அப்படி ‘மிசிசிப்பி’ என்ற பெரிய கவசக் கப்பலைக் கட்டத் தொடங்கினார்கள். 1862 ஏப்ரலில் நகரம் விழுந்தபோது, முடிக்காத அந்தக் கப்பலைத் தங்கள் தரப்பே எரிக்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து நேராகச் சவானாவுக்கு வந்தார்கள். இந்த முறை அடித்தளத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. உடலும் என்ஜினும் தயாராக ஆற்றில் மிதந்துகொண்டிருந்தன. மேலே ஒரு அடுக்குப் போட்டால் போதும்.

*

நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருளுக்கு வந்தவன். என் வகுப்பில் பாதிப் பேருக்கு இதே கதைதான். நான்கு வருடம் படித்ததில் மனதில் தங்கியது கொஞ்சம். தங்கியதில் ஒன்று மிதப்பு. ஒரு பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் வரை மூழ்கும். எட்டாம் வகுப்பில் படித்தது, எந்தப் பதவிக்குப் போனாலும் மாறாதது.

இப்போது நான்தான் டிஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். 1862 கோடை, சவானா ஆறு, என் முன்னால் ஃபிங்கல்.

முதல் வேலை வெட்டுவது. பாய்மரங்களையும் மேல்தளக் கட்டுமானங்களையும் எடுத்துவிட்டுத் தளம் வரை மொட்டையாக்க வேண்டும். பிறகு நடுவில் ஒரு கவச அறை. கூரையை நேரடியாகத் தரையில் வைத்தது போல, நான்கு பக்கமும் உள்நோக்கிச் சாயும் சுவர்கள். சாய்வு 30 டிகிரி. சுவரின் உள்பக்கம் பைன் மரம் 15 அங்குலம், அதன்மேல் ஓக் 3 அங்குலம், அதன்மேல் இரண்டிரண்டு அங்குலமாக இரண்டு அடுக்கு இரும்பு. இதெல்லாம் உண்மையில் அவர்கள் செய்ததுதான்.

ஏன் இரண்டு அடுக்கு? ஒரே நான்கு அங்குலத் தகடு இதைவிட உறுதியானது. 1860இல் பிரிட்டன் கடலில் இறக்கிய ‘வாரியர்’ கப்பலுக்கு நாலரை அங்குலத்தில் ஒரே தகடாகத்தான் கவசம் போட்டார்கள். ஆனால் அப்படி உருட்டித் தரும் ஆலை தெற்கில் இல்லை. இருந்தது தண்டவாளம். ரயில் தண்டவாளங்களை இரண்டு அங்குலப் பட்டைகளாக உருட்டி, ஒரு அடுக்கைக் கிடையாகவும் இன்னொன்றைச் செங்குத்தாகவும் அடித்தார்கள். ஏற்கெனவே ரயில் பாதைகள் போதாமல் திணறிய நாடு, தன் தண்டவாளத்தைத் தின்று கப்பலுக்குத் தோல் போர்த்தியது.

சாய்வுக்கும் ஒரு கணக்கு உண்டு. 30 டிகிரி சாய்ந்த நான்கு அங்குலத் தகட்டைக் கிடைமட்டமாக வரும் குண்டு துளைக்க வேண்டுமென்றால் எட்டு அங்குலம் கடந்தாக வேண்டும். முதல் தடவை படிக்கும்போது இலவசமாக நான்கு அங்குலம் கிடைத்தது போலச் சந்தோஷமாக இருக்கும். பேப்பரில் வரைந்து பார்த்தால் சந்தோஷம் போய்விடும். அதே உயரத்தை மறைக்கச் சாய்ந்த சுவர் இரண்டு மடங்கு நீளமாக இருக்க வேண்டும். ஆக எடை, எட்டு அங்குலச் செங்குத்துச் சுவரின் எடையேதான். குண்டு வழுக்கிப் போகும் வாய்ப்பும், மெல்லிய தகட்டிலேயே வேலையை முடித்துக்கொள்ளும் வசதியும்தான் உண்மையான லாபம். எடையில் ஒரு பைசா தள்ளுபடி கிடையாது.

சரி, எடை எவ்வளவு? கவச அறையின் நீளம் 30 மீட்டர், அகலம் 8 மீட்டர், சாய்ந்த சுவரின் உயரம் 4 மீட்டர் என்று நானாக எடுத்துக்கொண்டேன். சுற்றிலும் சுமார் 300 சதுர மீட்டர். நான்கு அங்குல இரும்பு ஒரு சதுர மீட்டருக்கு 0.78 டன். ஆக இரும்பு மட்டும் 235 டன். பின்னாலுள்ள 18 அங்குல மரம் இன்னொரு 85 டன். நான்கு பீரங்கிகள், அவற்றின் வண்டிகள், குண்டுகள் என்று 30 டன். மொத்தம் 350. வெட்டியெடுத்த பாய்மரத்துக்கும் மேல்தளத்துக்கும் தாராளமாக 50 டன் கழித்தால், புதிதாக ஏறியது 300 டன்.

நீர்மட்டத்தில் ஃபிங்கலின் குறுக்குப் பரப்பு, இரு முனையும் கூராக இருப்பதால் நீளம், அகலப் பெருக்கத்தில் பத்தில் ஏழு பங்கு. சுமார் 306 சதுர மீட்டர். கடல்நீரில் இந்தக் கப்பலை ஒரு மீட்டர் அமிழ்த்த 314 டன் வேண்டும். நான் ஏற்றியது 300.

ஒரு மீட்டர். கிட்டத்தட்டச் சரியாக ஒரு மீட்டர்.

ஃபிங்கலாக இருந்தபோது அதற்கு 12 அடித் தண்ணீர் போதும். அட்லாண்டாவாக ஆனபோது 15 அடி 9 அங்குலம் தேவைப்பட்டது. வித்தியாசம் 1.14 மீட்டர். என் கணக்கு முரட்டுக் கணக்கு. அவர்கள் தளத்தை இரு பக்கமும் நீட்டி அகலத்தை 41 அடியாக்கியதை நான் சேர்க்கவில்லை, அதன் எடையையும் சேர்க்கவில்லை, அதன் மிதப்பையும் சேர்க்கவில்லை. இருந்தாலும் 160 வருடம் முன்னால் நடந்த ஒன்று என் எக்செல் செல்லுக்குள் வந்து உட்கார்ந்தபோது உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது. இரவு ஒரு மணி. காட்டுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

அகலப்படுத்தியதற்கும் காரணம் உண்டு. தோணியில் எழுந்து நிற்காதே என்று சொல்வார்களே, அதுதான். எடை மேலே ஏற ஏறக் கப்பல் கவிழப் பார்க்கும். நீர்மட்டத்தில் அகலம் கூடினால் அது நிமிர்ந்து நிற்கும், அதுவும் அகலத்தின் மூன்று மடிப் பெருக்கத்தில். ஆனால் ஸ்காட்லாந்தில் கட்டிய இரும்பு உடலோடு சவானாவில் ஒட்டிய மரப் பகுதிகள் நன்றாகச் சேரவில்லை. 1862 ஜூலை கடைசியில் வெள்ளோட்டம் விட்டபோதே நீர் கசிந்தது. சுக்கானுக்குக் கப்பல் ஒழுங்காகக் கட்டுப்படவில்லை. வேகம், ஃபிங்கலாக 13 நாட் வரை ஓடியது, பத்துக்குக் கீழே இறங்கியது. உள்ளே காற்றோட்டம் இல்லை, வெளிச்சம் இல்லை, தரையெல்லாம் ஈரம். ஜார்ஜியாவின் கோடையில் கொதிகலனோடு சேர்த்து மூடிய இரும்புப் பெட்டி. அதில் வேலை பார்த்த இளம் அதிகாரி ஒருவர் கடவுளே கைவிட்ட கப்பல் என்ற பொருளில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மாற்று வழிகளையும் போட்டுப் பார்த்தேன். கவசத்தைப் பாதியாக்கினால் 37 சென்டிமீட்டர் மிச்சம், ஆனால் அந்தக் காலப் பெரிய பீரங்கிக்கு இரண்டு அங்குலம் அப்பளம். கவச அறையை 20 மீட்டராகச் சுருக்கினால் 25 சென்டிமீட்டர் மிச்சம், ஆனால் பீரங்கிகள் நகர இடமில்லை. நகரவே வேண்டாம், ஆற்றில் நங்கூரம் போட்டு மிதக்கும் கோட்டையாக நிற்கட்டும் என்றால், அப்படி ஒன்று சவானாவில் ஏற்கெனவே இருந்தது. ‘ஜார்ஜியா’ என்ற கவசக் கப்பல். அதன் என்ஜினால் நீரோட்டத்தை எதிர்த்துப் போகமுடியாமல், ஒரே இடத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். எந்த நெடுவரிசையில் எந்த எண்ணை மாற்றினாலும், வேறொரு நெடுவரிசையில் தண்ணீர் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

*

இனி என் பைத்தியத்தின் காரணம்.

நான் வேலை பார்க்கும் இடத்தில், வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோகும் பையன்களுக்கு வழி சொல்லும் மென்பொருள் ஒன்று எங்கள் குழுவினுடையது. அதில் நான் எழுதிய பகுதி மழைக்காலத்துக்கானது. ஒரு தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று முன்னால் போனவர் ஒரு தடவை தொட்டுச் சொன்னால், பின்னால் வருபவருக்கு வேறு வழி காட்டும். சின்ன வேலைதான். ஆனால் பத்து வருடத்தில் நான் எழுதியதில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் புதிதாக ஒன்று கேட்டார். அதே தரவை வைத்து, ஒருவர் எங்கே எத்தனை நிமிடம் நின்றார் என்று கணக்கிட வேண்டும். வரம்பைத் தாண்டினால் அன்றைய கூலியில் தானாகவே பிடித்தம். கூட்டத்தில் மேனேஜர் சொன்னார்: “லொகேஷன் ஏற்கெனவே வருது, டைம் வருது. மேல ஒரு லேயர் போட்டா போதும்ல? ரெண்டு ஸ்பிரிண்ட் ஆகுமா?”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு இரவு அந்த எஸ்டிமேட்டைத் திறக்க மனமில்லாமல்தான் ஃபிங்கலைத் திறந்தேன்.

என் சித்தி மகன் பைக்கில் உணவு கொண்டுபோகிறான். வேறொரு நிறுவனத்துக்கு. போன தீபாவளிக்கு வந்தபோது சொன்னான்: “அண்ணே, அந்த அப்பார்ட்மெண்ட்ல எங்கள லிஃப்ட்டுல விடமாட்டாங்க. பத்து மாடி ஏறி இறங்கி வந்து பாத்தா, நீ பத்து நிமிஷமா ஒரே எடத்துல நிக்கிறன்னு ஆப்பு சொல்லுது. மேல கீழ போறதெல்லாம் அதுக்கு எங்கண்ணே தெரியும்?” ஆப் என்பதை அவன் ‘ஆப்பு’ என்றுதான் சொல்வான். திருத்த வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றியதில்லை.

மேல கீழ போறது தெரியாது. வரைபடத்தில் மேலிருந்து பார்க்கும்போது அட்லாண்டாவும் ஃபிங்கலும் ஏறக்குறைய ஒரே புள்ளி. நீருக்குக் கீழே நீண்டிருக்கும் அந்த ஒரு மீட்டரைப் படம் காட்டாது.

*

வாசா கழிமுகத்தில் அந்த மீட்டர் தன்னைக் காட்டிக்கொண்டது.

சவானாவின் ஆற்று வழிகள் ஆழமில்லாதவை. அட்லாண்டா வெளியே வரவேண்டுமானால் கடல் ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும், வழியில் தங்கள் ராணுவமே போட்டுவைத்த தடைகளை அகற்ற வேண்டும். 1863இன் தொடக்கத்தில் இப்படியே பல வாரங்கள் போயின. தாமதிக்கிறார் என்று பழைய தளபதி டாட்னலை மாற்றினார்கள். புதிதாக வந்த வில்லியம் வெப் துடிப்பானவர். ஜூன் 17 விடிகாலையில் இரண்டு எதிரிக் கப்பல்களை நோக்கிப் புறப்பட்டார். வீஹாக்கன், நஹான்ட். இரண்டும் சுழலும் இரும்புக் கோபுரம் வைத்த மானிட்டர் வகைக் கப்பல்கள்.

பாதி வழியில் அட்லாண்டா தரைதட்டியது. பின்வாங்கி விடுபட்டது. விடுபட்டும் சுக்கானுக்குக் கட்டுப்படாமல் மறுபடியும் அதே மணலில் போய் ஏறியது. அந்த நிலையில் அதன் பீரங்கிகளைச் சரியாகத் திருப்பிக் குறிவைக்க முடியவில்லை. ஏழு முறை சுட்டது, ஒன்றும் படவில்லை. வீஹாக்கனின் தளபதி ஜான் ராட்ஜர்ஸ் பதில் சொல்லாமல் நிதானமாக நெருங்கி, சுமார் 300 கஜத்தில் நின்று தொடங்கினார். அவரிடம் 15 அங்குல வாய் கொண்ட பீரங்கி இருந்தது. ஒரு குண்டு ஏறக்குறைய 400 பவுண்டு, இரண்டு பெரிய ஆட்கள் சேர்ந்த எடை.

முதலில் பட்ட 15 அங்குலக் குண்டு கவசத்தைக் கடந்து உள்ளே வரவேயில்லை. இரும்பை உடைத்து, பின்னாலிருந்த மரத்தை நொறுக்கியது, அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது. சிதறிய மரச் சிராய்களும் இரும்புத் துண்டுகளும் ஒரு பீரங்கிக் குழு முழுவதையும், இன்னொன்றில் பாதியையும் சாய்த்துவிட்டன. காப்பாற்றுவதற்காக வைத்த அந்தப் 18 அங்குல மரமே ஈட்டிகளாகிவிட்டது. இன்னொரு குண்டு மாலுமி அறையைத் தாக்கி வழிகாட்டிகளைக் காயப்படுத்தியது. வெப் சரணடைந்தார். ஒருவர் இறந்தார், பதினாறு பேர் காயமடைந்தார்கள். நஹான்ட் சுடவேண்டிய தேவையே வரவில்லை.

இதைப் படிக்கும் பொறியாளனின் மூளை உடனே ஒரு பாடம் எழுதிவிடும். எதற்காகக் கட்டினார்களோ அதற்குப் பொருந்தாத உடலில் மேலே ஒரு அடுக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும் என்று. எனக்கு மிகவும் வசதியான பாடம். எஸ்டிமேட்டில் அப்படியே போடலாம். இருப்பிடத் தகவல் துல்லியமில்லை, மாடி தெரியாது, அடுக்குமாடிக்குள் சிக்னல் கிடைக்காது, தவறான பிடித்தங்கள் வரும், புகார் வரும், திட்டம் தரைதட்டும். ஒவ்வொன்றும் உண்மை. இரண்டு ஸ்பிரிண்ட் என்பது எட்டாகும். வேலை தானாகவே நின்றுபோகும், நானும் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் சவானாவைப் பற்றிப் படிக்கப் படிக்க அந்தப் பாடம் என் கையில் நிற்கவில்லை.

*

அந்த ஊரில் ஃபிங்கல் வருவதற்கு எட்டு மாதம் முன்பு, 1861 மார்ச் 21 அன்று, தெற்குக் கூட்டமைப்பின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். தங்கள் புதிய அரசின் மூலைக்கல்லே கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்லர், அடிமைத்தனமே அவர்களுக்கு இயல்பான நிலை என்பதுதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்கும் இரண்டு வருடம் முன்பு, 1859 மார்ச்சில், அதே சவானாவின் குதிரைப் பந்தயத் திடலில் இரண்டு நாட்களில் நானூறுக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் ஏலம் போனார்கள். ‘அழுகைக் காலம்’ என்று அது நினைவில் நிற்கிறது.

அட்லாண்டா காக்க வந்தது இதைத்தான். என் எக்செல்லில் இதற்கு நெடுவரிசை கிடையாது.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். டிஃப்ட் சகோதரர்களுக்கு நல்ல உருட்டாலை கிடைத்திருந்தால்? கசியாத இணைப்பு, வலுவான சுக்கான், 12 அடி ஆழத்திலேயே மிதக்கும் மெல்லிய கவசம் வாய்த்திருந்தால்? வாசாவில் தரைதட்டாமல் போய் இரண்டு மானிட்டர்களையும் அட்லாண்டா மூழ்கடித்திருந்தால் அந்த மாற்றம் சரியான மாற்றம் ஆகியிருக்குமா? நல்ல கப்பலாக இருந்திருந்தால் அது இன்னும் மோசமான காரியம். ஏல மேடை இன்னும் கொஞ்ச நாள் நின்றிருக்கும். கப்பல் மூழ்கும், ஓடாது, தட்டும் என்று நான் சொல்லும் காரணம் ஒவ்வொன்றும், நாளைக்கு யாராவது சரிசெய்துவிடக்கூடிய காரணம். சித்தி மகனின் போனில் காற்றழுத்த உணரி வைத்தால் மாடி தெரிந்துவிடும். பத்தாவது மாடியில் அவன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற இரண்டு நிமிடமும் துல்லியமாகத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நான் என்ன சொல்வேன்?

பொறியாளர்களுக்குத் தொழில்நுட்பக் காரணத்தின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. அதில் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. ‘முடியாது’ என்பது இயற்பியலின் வாக்காக வெளியே வரும், நம் வாக்காக வராது. ‘செய்யக்கூடாது’ என்பதற்கு அந்தச் சௌகரியம் இல்லை. அதைச் சொல்லும்போது சொல்கிறவன் தனியாக நிற்க வேண்டும்.

அடிமை ஏலமும் கூலிப் பிடித்தமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அந்த நானூறு பேரை அவமதிப்பதாகும். நான் பார்ப்பது கட்டுகிறவனின் பக்கம் மட்டும். ஒரு பொருள் ஒருவரைக் கரைசேர்க்க இருந்தது. இன்னொரு நாள் அதே பொருளை, அவர்மேலேயே திருப்ப, மேலே ஒரு அடுக்குக் கேட்கிறார்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. மிதக்குமா என்பது ஒன்று. யாருக்காக என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதன் இடத்தில் எழுதிவைக்கக்கூடாது.

எஸ்டிமேட்டில் இரண்டையும் தனித்தனியாகவே எழுதினேன். முதல் பகுதி மூன்று பக்கம், எண்களோடு. இரண்டாவது பகுதி நான்கு வரி: மனிதர் யாரும் பார்க்காமல் ஒருவரின் கூலியைக் குறைக்கும் நிரலை நான் எழுதமாட்டேன், துல்லியம் கூடினாலும் எழுதமாட்டேன், பையன்கள் வழி சொல்வதற்காகக் கொடுத்த தகவலை அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்த அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

மேனேஜர் படித்துவிட்டுப் போன் செய்தார். “முதல் பாயிண்ட் ஓகே. ரெண்டாவது எஸ்டிமேட்ல வருமா?”

“வரணும்ங்க,” என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு, “அனுப்பிடறேன். ஆனா வேற டீமுக்குப் போனாலும் போகும், பாத்துக்கோ,” என்றார். கோபம் தெரியவில்லை. அடுத்த மாதம் வருட மதிப்பீடு. வாடிக்கையாளர் இன்னும் பதில் சொல்லவில்லை. வேறு குழு எழுதிவிடலாம், அதற்கு ஒன்றும் பெரிய திறமை தேவையில்லை. வீட்டுக் கடனில் இன்னும் பதினோரு வருடம் பாக்கி இருக்கிறது. அந்த எண்ணும் என் எக்செல்லில் இருக்கிறது.

*

அட்லாண்டாவின் கதை வாசாவோடு முடியவில்லை. பிடித்தவர்கள் அதைப் பழுதுபார்த்துத் தங்கள் கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள். அடிமைத்தனத்தைக் காக்கப் போர்த்திய அதே தண்டவாள இரும்போடு, அதை ஒழித்த தரப்புக்காக ஜேம்ஸ் ஆற்றில் காவல் நின்றது. இரும்புக்கு எந்தக் கட்சியும் இல்லை. அதைக் கட்டுகிறவர்களும் செலுத்துகிறவர்களும்தான் கட்சி.

போர் முடிந்து சில வருடங்கள் சும்மா கிடந்த கப்பலை 1869இல் விற்றார்கள். கைமாறி ஹைட்டிக்குப் போனது. அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804இல் தாங்களே உருவாக்கிக்கொண்ட நாடு. அங்கே அப்போது உள்நாட்டுப் போர், ஜனாதிபதி சல்நாவுக்குப் போர்க்கப்பல் தேவைப்பட்டது. புதுப் பெயர் வைத்தார்கள்: வெற்றி என்று பொருள்படும் ‘ட்ரையம்ஃப்’. புறப்பட்ட உடனேயே டெலவேர் விரிகுடாவில் பழுதாகி, செஸ்டர் என்ற ஊரில் ஒதுங்கிச் சரிசெய்துகொண்டு, டிசம்பர் 18 அன்று மறுபடியும் கிளம்பியது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. கப்பலில் இருந்த ஒருவரும் திரும்பவில்லை.

ஆற்றுக்காகக் கனமாக்கிய கப்பல் அது. டிசம்பர் மாத அட்லாண்டிக் அலைகளுக்கு முன்னால் அதன் தளம் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருந்திருக்கும். பல கொடி, மூன்று பெயர், பல காரணம். ஒவ்வொருவரும் தங்கள் தேவைக்கு மேலே ஏதாவது சேர்த்தார்கள். அந்த ஒரு மீட்டரை யாரும் திரும்ப எடுக்கவில்லை. அத்தனைக்கும் அடியில் இருந்தது கிளாஸ்கோ தச்சர்களும் கொல்லர்களும் பக்கத்து ஊர்களுக்குப் போய்வரட்டும் என்று கட்டிக்கொடுத்த, 25 அடி அகலமுள்ள அதே உடல்.